கணக்கில் வராத ஆரஞ்சு இழைகள்

பதினோரு வருடமாக அவர் உடம்பில் பாலியெஸ்டர் பட்டதில்லை. நைலானும் இல்லை, கம்பளி என்று சொல்லி விற்கிற பஞ்சுபஞ்சான செயற்கைத் துணியும் இல்லை. குளிர் நாட்களில் இரண்டு பருத்திச் சட்டைக்கு மேல் மூன்றாவதாக இன்னொரு பருத்திச் சட்டை. மழைக்கு மெழுகு பூசிய கனத்த பருத்திக் கோட்டு; நனைந்துவிட்டால் அதைச் சுமக்கவே தனியாகச் சாப்பிட வேண்டும் என்பார் கணவர். ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்று மாடியிலும் அவருக்குப் பெயர் பருத்தி. வாசலில் வருகைப் பதிவேட்டைத் தள்ளும் காவலாளிக்குக்கூட அவர் "பருத்தி மேடம்" தான். உண்மைப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இதில் கொள்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் எண்ணுவது அவர் வேலை. செயற்கைத் துணி போட்டவர் கையை ஒருமுறை உதறினால் போதும், தலைமுடியைவிட மெல்லிய இழைகள் காற்றில் கிளம்பும். அதில் நாலு இழை மாதிரிக் குவளைக்குள் விழுந்தால், தண்ணீரில் இருந்தது எது, எண்ண வந்தவர் கொண்டுவந்தது எது என்று ஆண்டவனே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. அதனால் அவர் ஆய்வகத்தில் கண்ணாடி, எஃகு, பருத்தி, இந்த மூன்றுக்குத்தான் அனுமதி. சாப்பாட்டு டப்பாவும் எஃகு. பேனாகூட வாசலோடு நின்றுவிடும். உள்ளே மரப் பென்சில்.

அவருடைய அப்பா பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் ஓட்டினவர். முப்பத்திரண்டு வருடம் சிவப்பு, நீலம், பச்சை என்று வாளி வாளியாக வார்த்து, மகளைச் சுற்றுச்சூழல் உயிரித் தொழில்நுட்பம் படிக்க வைத்தார். "நான் செஞ்சு போட்டதை நீ உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கே. ரெண்டு பேருக்கும் வேலை இருக்கே, அது போதும்" என்று இன்றும் போனில் சிரிப்பார்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாக இருக்கும். மகளுக்குப் பதினான்கு வயது, பள்ளிக் கால்பந்து அணியில் இடப்பக்க ஆட்டக்காரி. அணியின் சட்டை முழுக்க முழுக்கப் பாலியெஸ்டர். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில் அந்தச் சட்டை ஒரு துணிப்பையில் கதவுக்கு வெளியே, நடைபாதைக் கொக்கியில் தொங்குகிறது. துவைப்பது தோழியின் வீட்டில். யாராவது விருந்தாளி வந்து பை என்னவென்று கேட்டால், "அது என் ஜெர்சி ஆன்ட்டி. அதுக்கு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வர விசா கிடையாது" என்று மகள் சொல்லுவாள். அம்மா காதில் விழாத மாதிரி இருப்பார்.

ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறப் பருத்திக் கோட்டு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. பருத்தித் துணியும் உதிரத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அடையாளம் கண்டுபிடிக்கலாம். அதனால் தண்ணீரில் சாதாரணமாகக் கிடைக்காத ஒரு நிறத்தில் கோட்டு தைத்துப் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் பழக்கம். தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஆற்றுத் தண்ணீரில் இருநூறு மாதிரி எடுத்துப் பார்த்தார். வெள்ளை, கறுப்பு, நீலம் கொட்டிக் கிடந்தது. ஆரஞ்சு இரண்டே இரண்டு. அன்றைக்கே நுண்ணோக்கிக்கு மேலே சுவரில் தன் கையெழுத்தில் ஒரு விதி எழுதி ஒட்டினார்: 'ஆரஞ்சு இழை நம்முடையது. எண்ண வேண்டாம்.'

அந்த விதிதான் அவரைப் பின்னால் கவிழ்த்தது.

எண்ணுவதோடு நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு எண்ணி எண்ணி அலுத்துவிட்டது. இத்தனை இழை இருக்கிறது என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருப்பதில் யாருக்கு என்ன லாபம்? பிடித்து நிறுத்த ஏதாவது செய்யவேண்டும் என்று பயோசாரில் இறங்கினார். பயோசார் என்றால் வேறொன்றும் இல்லை, கரிதான். மரத்தைத் திறந்த வெளியில் எரித்தால் சாம்பல் மிஞ்சும். காற்றுப் போகாமல் மூடிய பீப்பாயில் அறுநூறு டிகிரிக்குச் சூடேற்றினால், உள்ளே லட்சக்கணக்கில் பொந்துகளோடு கரி மிஞ்சும். அந்தப் பொந்துகளில் பாக்டீரியாக்களைக் குடியேற்றினால், அவை பசை மாதிரி ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு வாழும். அழுக்குத் தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது இழைகள் ஒட்டிக்கொள்ளும். யோசனை இவ்வளவுதான். எந்த மரம், எந்தச் சூடு, எந்தப் பாக்டீரியா என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று வருடம் ஆனது.

உலையைக் கட்டியவர், ஓட்டுபவர், கரியைச் சலிப்பவர் எல்லாம் ஒரே ஆள். கப்பலில் இயந்திரம் பார்த்துவிட்டுக் கரையேறியவர், ஐம்பது வயது. நிறுவனத்தில் அவர் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எல்லாரும் உலைக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் மரத்துண்டுகளைச் சேகரித்துவந்து கரியாக்குவார். உலை மூட்டாத நாட்களில் நுண்ணோக்கியில் உட்கார்ந்து இழை எண்ணுவார். கப்பலில் திசைகாட்டியைப் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கரி தயார். சோதித்துப் பார்க்க இடம் வேண்டும். அங்கேதான் சலவைக்கூடத்து முதலாளியம்மா வந்தார்.

மருத்துவமனை விரிப்புகள், விடுதித் துண்டுகள், உணவக மேசைத் துணிகள் என்று ஒரு நாளைக்கு மூன்று டன் துணி துவைக்கும் கூடம் அது. முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். கணவர் இறந்தபின் பதினாறு வருடமாகத் தனியாக நடத்துகிறார். பேசினால் சலவை இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று பழகிப்போன குரல். காதோடு ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். நகரில் வெளியேறும் இழைகளில் பெரும் பங்கு துணி துவைக்கும் தண்ணீரில்தான் போகிறது என்று தெரிந்ததும், மாசு வாரியம் எல்லாச் சலவைக்கூடங்களுக்கும் கடிதம் அனுப்பியது. நாலு மாதம் கழித்து வரும் பதினெட்டாம் தேதிக்குள் இழைகளில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கழிவுநீர்க் குழாய்க்குச் சீல். கழிவுநீர் போக வழி இல்லாத சலவைக்கூடம் ஒரு நாள்கூட ஓடாது.

விலைக்கு விற்கும் வடிகட்டிகளைக் கேட்டுப் பார்த்து, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் பருத்தி போய், கரி வடிகட்டியை இலவசமாகப் பொருத்தித் தருகிறேன், எனக்குச் சோதனை, உங்களுக்குச் சான்று என்றார். முதலாளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் வெள்ளை துவைச்சுக் கொடுக்கிறவ நான். என் வீட்டுக்குள்ள கரியைக் கொண்டுவந்து கொட்டுறேங்கறீங்க. சரி, கொட்டுங்க டாக்டரம்மா" என்றார்.

பன்னிரண்டு வாரச் சோதனை. ஆள் உயரத்தில் எஃகுக் குழாய், அதற்குள் கரி. வாரத்துக்கு மூன்று நாள் உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் மாதிரி. ஒவ்வொன்றையும் வட்டத் தாளில் வடித்து, நுண்ணோக்கியில் எண்ணி, தாளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி வைத்தார்கள். கடைசிக் கணக்கு: லிட்டருக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இழை உள்ளே போகிறது, அறுபத்தாறு வெளியே வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிடிபடுகிறது. கெடு மாதத்தின் மூன்றாம் தேதி அறிக்கை வாரியத்துக்குப் போனது. முதலாளியம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே இயந்திரம் நிற்பது அபூர்வம்.

சோதனையின் ஐந்தாவது வாரத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்திருந்தது. உலைக்காரர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, "மேடம், நம்ம கோட்டு ரொம்ப உதிருது. தாள் முழுக்க ஆரஞ்சுதான்" என்றார். பருத்தி எட்டிப் பார்த்தார். ஆமாம், நிறைய இருந்தது. கோட்டுகளுக்கு நாலு வயசாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று ஆறு புதுக் கோட்டு தைக்கச் சொன்னார். புதுக் கோட்டு வந்தபின்னும் ஆரஞ்சு குறையவில்லை. புதுத்துணி முதலில் உதிரத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எண்ண வேண்டாம் என்று சுவரில் எழுதியிருந்ததால் யாரும் எண்ணவும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. வாரியம் அறிக்கையை விசாரித்து முடிவு சொல்ல ஆறு நாள் இருந்தது. குழாயில் கரியை மாற்றும் நாள் என்பதால் பருத்தியும் உலைக்காரரும் சலவைக்கூடத்துக்குப் போனார்கள். பருத்தி அவசரத்தில் ஆய்வகக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டார். கூடத்துக்குள் நுழைந்ததும் முதலாளியம்மா இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"என்ன டாக்டரம்மா, படிப்பு போதும்னு தெரு கூட்டக் கிளம்பிட்டீங்களா?"

பத்துப் பேர் சிரித்தார்கள். பருத்தியும் சிரித்தார். மாதிரி எடுக்கப் பின்வாசல் வழியாகவே வந்துபோனவர்கள் உலர்த்தும் அறைப் பக்கம் வந்ததில்லை. முதலாளியம்மா கை காட்டிய பக்கம் திரும்பினால், உலர்த்தும் அறையில் வரிசை வரிசையாக ஆரஞ்சு உடுப்புகள். நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் சட்டை, கால்சட்டை. தூரத்திலிருந்து வண்டிக்காரர்களுக்குத் தெரிவதற்காக அதே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. இரண்டு மாதத்துக்கு முன்னால் கிடைத்த ஒப்பந்தம், வாரத்துக்கு எழுநூறு உடுப்பு, அதை நம்பித்தான் எட்டுப் பேரைப் புதிதாகச் சேர்த்தேன் என்று முதலாளியம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். துணியைத் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் ஒட்டாத பூச்சு, மழையில் நனையாது என்றார்.

பருத்தி தொட்டுப் பார்த்தார். பாலியெஸ்டர். பதினோரு வருடத்தில் விரல் மறந்துபோயிருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மூன்றாவது நிறுத்தம் வரைக்கும் அந்தக் கேலியை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். நாலாவது நிறுத்தத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலைக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே விரல்விட்டு வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் அதையேதான் யோசிக்கிறீங்களா?"

"ஆமா மேடம்" என்றார் உலைக்காரர். "ரெண்டு மாசம்னா, நான் கோட்டு உதிருதுன்னு சொன்ன அந்த வாரம்."

ஆய்வகத்துக்கு வந்ததும் பருத்தி முதலில் எடுத்தது சலவைக்கூடத்துத் தாள்கள் இல்லை. வேறொரு கோப்பு. ஆய்வகத்தில் ஒவ்வொரு முறை மாதிரியை வடிக்கும்போதும் சுத்தமான தண்ணீரையும் ஒரு குவளையில் திறந்து வைத்து, அதே மாதிரி வடித்து எண்ணுவார்கள். எதுவும் இருக்கக்கூடாத தண்ணீர் அது. அதில் என்ன விழுகிறதோ அது ஆய்வகத்தின் குப்பை. அந்த வெற்று மாதிரிகளில் மட்டும் நிறவாரியாக எண்ணி எழுதும் வழக்கம் இருந்தது. ஆரஞ்சு: ஒன்று. இரண்டு. பூஜ்யம். ஒன்று. ஒன்று. பன்னிரண்டு வாரமும் அப்படியே. கோட்டு அவ்வளவு உதிர்ந்திருந்தால் இந்தத் தண்ணீரிலும் விழுந்திருக்க வேண்டாமா? பதில் அவர் அலமாரியிலேயே, அவர் எழுதிய அட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, சுவரில் இருந்த விதியைக் கிழிக்கப் போனார். அப்புறம் கிழிக்கவில்லை. அதுவும் ஆவணம்தான் என்று புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று பகலும் இரண்டு பேரும் பழைய தாள்களைத் திறந்து ஆரஞ்சை மட்டும் எண்ணினார்கள். எண்ணினால் போதாது, பருத்தியா பிளாஸ்டிக்கா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஊசி முனையைப் பழுக்கக் காய்ச்சி இழைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், பிளாஸ்டிக் இழை சுருண்டு உருகும். பருத்தி உருகாது. ஒருவர் ஊசி, ஒருவர் பென்சில். சுருண்டது, கோடு. சுருண்டது, கோடு. எப்போதாவது ஒன்று சுருளாமல் கிடந்தால் உலைக்காரர், "இது நம்ம வீட்டுப் பிள்ளை" என்பார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு முடிந்தது. உள்ளே போன தண்ணீரில் லிட்டருக்கு அறுநூற்றுப் பத்து ஆரஞ்சுப் பாலியெஸ்டர். வெளியே வந்ததில் நானூற்று இரண்டு. மற்ற இழைகளை வளைத்துப் பிடித்த கரி, தண்ணீர் ஒட்டாத பூச்சுப் போட்ட இழையைப் பெரும்பாலும் வழுக்கவிட்டிருக்கிறது. ஆரஞ்சையும் பழைய கணக்கோடு சேர்த்தால் தொண்ணூற்றாறு எண்பத்தொன்றாக இறங்கியது. வாரியம் கேட்பது தொண்ணூறு.

உலைக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "நல்ல கோட்டு மேடம் அது. பாவம், பழியைத் தூக்கி அது மேல போட்டோம்." பிறகு, வாரியத்துக்கு இதைச் சொல்லித்தான் ஆகணுமா என்று கேட்டார். மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ கேட்கவில்லை. நெருப்புப் பற்றவைக்கலாமா என்று கேட்கிற மாதிரி கேட்டார். பருத்தி ஆமாம் என்றார். அவர் சரி என்று கிண்ணங்களை மூடி அடுக்க ஆரம்பித்தார்.

வீட்டில் கணவர் கேட்டது ஒரே கேள்வி: வேலை போய்விடுமா? போகாது, அடுத்த வருட நிதி போகலாம் என்றார் பருத்தி. "அப்ப வாரியத்துக்கு முன்னால அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. அவங்க அங்க வந்து தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார் கணவர். மகள் கால்பந்துக் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, நீ இத்தனை நாளா என் ஜெர்சியைத்தானே சந்தேகப்பட்டே" என்றாள். அன்றைக்கு அம்மா காதில் விழாத மாதிரி இருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை சலவைக்கூடத்தின் சின்ன அலுவலக அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் வண்டி நேர அட்டவணை, கதவிடுக்கில் நுழைகிற நீராவி. பருத்தி சுற்றி வளைக்கவில்லை. மூன்றாம் தேதி கொடுத்த அறிக்கை தப்பு, சரியான எண் எண்பத்தொன்று, எப்படித் தப்பானது என்று கடகடவென்று சொல்லி முடித்தார். முதலாளியம்மா அவரை முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பதினாறு வருடத்தில் அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை என்று வெளியே நின்றிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"நம்ம உலைக்காரருக்கு."

"அவ்வளவுதானே. மூணு பேரு வாயைத் திறக்காட்டி முடிஞ்சுது."

"முடியாது அக்கா. ஒரு நாள் வாரியத்துல இருந்து அவங்க ஆளே வந்து எண்ணுவாங்க. அவங்க கோட்டு வெள்ளை."

முதலாளியம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நான் உங்களைக் கூப்பிட்டேனா, நீங்களாகத்தானே கரியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், கடன் உடன் வாங்கியாவது விலைக்கு ஒன்று வாங்கியிருப்பேனே, உங்களை நம்பிச் சும்மா இருந்ததுக்கு நல்ல பாடம் என்று பொரிந்து தள்ளினார். எல்லாம் நியாயமாக இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தியபோது முதலாளியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஆரஞ்சுத் துணியை நிறுத்திட்டா? அப்ப பழைய நம்பர்தானே?"

"ஆமா. தொண்ணூத்தாறு." பருத்தி கொஞ்சம் தயங்கினார். "ஆனா நீங்க நிறுத்தினா அதை வேற யாரோ துவைப்பாங்க அக்கா. அங்க கரிகூட இருக்காது."

"எனக்கு எட்டுப் பேரு போச்சுங்கற கவலை. உங்களுக்கு இழை போச்சுங்கற கவலை" என்றார் முதலாளியம்மா. டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. பருத்தி வெளியே வரும்போது இஸ்திரி மேசையில் இருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சேதி எப்படியோ கதவைத் தாண்டி வந்துவிட்டிருந்தது.

புதன்கிழமை, பதினெட்டாம் தேதி. வாரியத்தின் விசாரணை அறையில் ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அன்றைக்கு ஐந்து விவகாரம், இவர்களுடையது நாலாவது. முதலாளியம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பருத்தி பின் வரிசையில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதிகாரி அறிக்கையைப் புரட்டி, தொண்ணூற்றாறு, நல்லது என்று கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தபோது பருத்தி எழுந்து நின்றார்.

அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். திருத்திய கணக்கையும், வெற்று மாதிரிகளின் கோப்புகளையும், சுவரில் இருந்த விதியின் படத்தையும் மேசையில் வைத்தார். அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நேரம் எடுத்தது. ஐந்தாவது விவகாரத்துக்காரர் எழுந்து போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்துவிட்டார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை சந்தேகம். ஞாயித்துக்கிழமை உறுதி ஆச்சு சார்."

"யாரு கண்டுபிடிச்சது?"

பருத்தி முன் வரிசையைக் காட்டினார். "அவங்கதான். என் கோட்டைப் பார்த்துக் கிண்டல் பண்ணாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. சட்டப்படி எண்பத்தொன்று என்றால் குழாய்க்குச் சீல்தான், வேறு வழி இருந்தால் யாராவது சொல்லலாம் என்றார். பருத்தியிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது: இரண்டாவது குழாய், இன்னும் பொடியாகச் சலித்த கரி, மெதுவான ஓட்டம். ஆனால் மூன்று டன் துணியின் தண்ணீரை மெதுவாக விட்டால் கூடமே நின்றுபோகும். அதனால் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

முதலாளியம்மா எழுந்தார். விசாரணை அறைக்கு அந்தக் குரல் அதிகம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆரஞ்சுத் துணியை வாரத்தில் இரண்டே நாள், செவ்வாயும் வெள்ளியும், தனி இயந்திரத்தில் துவைக்கிறேன். பின்கட்டில் ஒரு பழைய தொட்டி சும்மா கிடக்கிறது, அந்தத் தண்ணீரை மட்டும் அதில் தேக்கி வைக்கிறேன். டாக்டரம்மா அதை மட்டும் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் கரியில் விடட்டும். மீதித் தண்ணீர் எப்போதும்போலப் போகட்டும். இரண்டு நாளாகத் தூங்காமல் யோசித்தேன், இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி பருத்தியைப் பார்த்தார். "இது தொண்ணூறைத் தாண்டுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முன் வரிசையில் அந்த அம்மாவின் முதுகு விறைத்து நின்றது. தாண்டலாம், ஆனால் எண்ணிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன், போன தடவை எண்ணாமல் விட்டதால்தான் இங்கே நிற்கிறேன் என்றார் பருத்தி.

அதிகாரி நாற்பத்தைந்து நாள் கொடுத்தார். அதுவரை கூடம் ஓடலாம், ஆரஞ்சுத் துணி இரண்டு நாள் மட்டும், தனித் தொட்டியில். மறு சோதனையில் தொண்ணூறு வராவிட்டால் அன்று மாலையே சீல்.

வெளியே படிக்கட்டில் முதலாளியம்மா முன்னால் இறங்கிப் போனார். கீழே போய் நின்று திரும்பி, "நாளைக்குத் தொட்டியைக் கழுவணும். அந்த உலைக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க. கழுவுற வேலைக்கெல்லாம் என் ஆளை விட மாட்டேன், பார்த்துக்குங்க" என்றார். வருகிறோம் அக்கா என்றார் பருத்தி. அந்த அம்மா கோபம் ஆறிவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆறியிருக்கவும் இல்லை.

இதை எழுதும்போது தொட்டி கழுவியாகிவிட்டது, இரண்டாவது குழாய் நின்றுவிட்டது. உலைக்காரர் பொடிக் கரிக்காகப் புதுச் சல்லடை செய்திருக்கிறார். இந்தக் கரியைப் பற்றி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையையும் பருத்தி திரும்ப வாங்கிவிட்டார். இதுவரை இரண்டு செவ்வாய், ஒரு வெள்ளி ஓடியிருக்கிறது. எண்ணிக்கை எவ்வளவு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார், கணவரிடமும்கூட.

மறு சோதனை அடுத்த மாதம் இரண்டாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு. தண்ணீர் எடுப்பதும் எண்ணுவதும் வாரியத்தின் ஆள்.